அனுகெராஹ் ரெமாஜா பெர்டானா: தண்ணீர்ப் பந்தல் சேவை கணக்கில் வருமா?

ஆயர் ஈத்தாம் அம்மா:
வணக்கம். மகள் படிவம் மூன்று, வயது 15. அனுகெராஹ் ரெமாஜா பெர்டானா என்ற இளைஞர் விருதில் முதல் நிலையான வெண்கல விருதுக்குப் பெயர் கொடுக்கப் போகிறாளாம். தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கம் எங்கள் பந்தலில் விடிய விடிய மோர் ஊற்றிக் கொடுப்பாள். கால் கடுத்தாலும் நகர மாட்டாள். இது சேவையில் சேருமா? ஒரு பள்ளியில் எத்தனை பேருக்குத்தான் கொடுப்பார்கள்?

பட்டர்வொர்த் வாசி:
அக்கா, இது போட்டியே இல்லை. 1956இல் பிரிட்டனில் இளவரசர் பிலிப் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதின் மலேசிய வடிவம். 14 முதல் 24 வயது வரை சேரலாம். நிபந்தனையை முடித்த எல்லாருக்கும் உண்டு. பந்தல் நல்ல காரியம்தான், ஆனால் ஓரிரு நாளில் முடிந்துவிடுமே. இங்கே வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். சேவை, திறன், உடற்பயிற்சி என மூன்று பிரிவு. ஏதாவது ஒன்றை ஆறு மாதம். கூடவே ஓர் இரவு வெளியில் தங்கும் பயணம். செய்ததை அவ்வப்போதே பதிந்து ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கேதான்.

ஜெலுத்தோங் தம்பி:
சேவைப் பிரிவுக்கு நான் முதியோர் இல்லத்தில் நாளிதழ் வாசித்துக் காட்டினேன். தாத்தாக்கள் முதலில் கேட்பது மரண அறிவித்தல் பக்கத்தை! அரசியல் செய்தி என்றால் உடனே சண்டை.

ஆயர் ஈத்தாம் அம்மா:
சரி தம்பி, நன்றி. பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆசைப்படுகிறாள். திங்களன்று ஆசிரியையைக் கேட்கச் சொல்கிறேன். பந்தலையும் விட மாட்டாள், அது வேறு.