'பிளாக்அவுட்' என்பதற்கு 'இருட்டடிப்பு' சரிவராது: மாற்றுப் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பு பற்றிய நம் பதிவில் 'பிளாக்அவுட்' என்பதை, அதாவது ஓர் ஆட்டம் ஓர் ஊர் டி.வி.யில் வராமல் போவதை, தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சு நீண்டுகொண்டே போகிறது. கோவை ஐயா இருட்டடிப்பு என்கிறார்கள், வேறொருவர் ஒளிபரப்புத் தடை என்கிறார், பேசாமல் பிளாக்அவுட் என்றே போட்டுவிடுவோம் என்று இரண்டு பேர். எனக்கு மூன்றும் ஒப்பவில்லை. அதைவிட முக்கியம், இரண்டு வேறு வேறு விதிகளை ஒரே சொல்லுக்குள் திணிக்கப் பார்க்கிறோம். முதலில் பொருளைப் பிரித்துக்கொண்டால் சொல் தானாக வரும்.

முதல் விதி பழையது. ஓர் ஊரில் ஆட்டம் நடந்தால் அந்த ஊர்த் தொலைக்காட்சியில் அதைக் காட்டக்கூடாது. காட்டினால் யார் டிக்கெட் வாங்கி அரங்கத்துக்கு வருவார்கள் என்ற பயம். 1958-இல் நியூயார்க் யாங்கி அரங்கத்தில் பால்டிமோர் கோல்ட்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் மோதிய இறுதி ஆட்டத்தை நாடே பார்த்தது, நியூயார்க்காரர்கள் மட்டும் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஜயன்ட்ஸ் ரசிகர்கள் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கனெக்டிகட்டுக்குப் போய், ஹார்ட்ஃபோர்ட் நிலையத்தின் அலை கிடைக்கும் சாலையோர மோட்டல்களில் அறை எடுத்துப் பார்த்தார்கள். சொந்த ஊர் அணியைப் பார்க்க ஊரைவிட்டே போகவேண்டியிருந்தது! 1967-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் சூப்பர் பவுல் இறுதி ஆட்டமும் அப்படித்தான். இரண்டு தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒரே நேரத்தில் ஒளிபரப்பியும் லாஸ் ஏஞ்சலஸில் அது வரவில்லை. அப்படி மறைத்தும் அரங்கத்துக்கு வந்தவர்கள் 61,946 பேர், மூன்றில் ஒரு பங்கு இருக்கை காலி.

1973-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டது. ஆட்டம் தொடங்க 72 மணி நேரம் இருக்கும்போதே டிக்கெட் எல்லாம் விற்றுப்போயிருந்தால் உள்ளூரிலும் காட்டியாக வேண்டும் என்ற சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். சட்டம் 1975 முடிவில் காலாவதியானது, தொழில்முறை அணிகளின் கூட்டமைப்பான என்.எஃப்.எல். அதே முறையைத் தன் விதியாகவே வைத்துக்கொண்டது. அரங்கத்தைச் சுற்றி 75 மைல், அதாவது ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் அலை எட்டும் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2012-இல் 85 சதவீதம் விற்றால் போதும் என்று கழகங்களுக்கு ஒரு தளர்வு கிடைத்தது. 2014 ஜனவரியில் கிரீன் பே, சின்சினாட்டி, இண்டியானாபொலிஸ் மூன்று ஊரிலும் பிளேஆஃப் (நாக்-அவுட்) ஆட்டத்துக்கே டிக்கெட் தேங்கி, கடைசி நேரத்தில் பெரிய கடைகளும் நிறுவனங்களும் மிச்ச டிக்கெட்டை மொத்தமாக வாங்கித்தான் டி.வி.யில் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் தன் பங்குக்கு வைத்திருந்த விதியை 5-0 என்ற வாக்கில் நீக்கியது. கேபிளிலும் செயற்கைக்கோளிலும் அந்த ஆட்டங்களை உள்ளூருக்குக் கொண்டுவரக்கூடாது என்றிருந்த விதி அது. 2015 பருவத்திலிருந்து என்.எஃப்.எல்.லும் தன் விதியைச் செயல்படுத்துவதை நிறுத்திவிட்டது.

இப்போது சொற்களுக்கு வருவோம். இருட்டடிப்பு நல்ல சொல்தான், ஆனால் அது ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. 'எங்கள் மாநாட்டுச் செய்தியைப் பத்திரிகைகள் இருட்டடிப்பு செய்துவிட்டன' என்றால் வேண்டுமென்றே மூடி மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. இங்கே மூடுமந்திரம் எதுவும் இல்லை. வியாழக்கிழமையே அறிவித்துவிடுவார்கள், இத்தனை டிக்கெட் மிச்சம், விற்றால் காட்டுவோம் என்று. ஊரைத் தவிர எல்லோரும் பார்ப்பார்கள். 'லாஸ் ஏஞ்சலஸில் சூப்பர் பவுல் இருட்டடிப்பு செய்யப்பட்டது' என்று எழுதினால் படிப்பவர் ஏதோ சதி நடந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். தடை என்றால் அரசோ நீதிமன்றமோ போட்டது என்று தோன்றும். இதைப் போட்டதும் எடுத்ததும் அணிகளின் கூட்டமைப்பு, அரசு அதற்கு இடம் கொடுத்தது, அவ்வளவுதான். அப்புறம் தடை என்ற சொல்லில் நிபந்தனை தெரியாது. இந்த விதியின் உயிரே அந்த நிபந்தனைதான்.

என் பரிந்துரை: நிறுத்திவைப்பு. முழுதாகச் சொன்னால் உள்ளூர் ஒளிபரப்பு நிறுத்திவைப்பு. ஊதிய உயர்வை நிறுத்திவைத்தார்கள், தேர்வு முடிவை நிறுத்திவைத்தார்கள் என்று தினம் எழுதுகிறோம். கொடுக்கவேண்டியது ஒன்று, ஒரு காரணத்துக்காகக் கையில் வைத்திருக்கிறார்கள், காரணம் தீர்ந்தால் விடுவிப்பார்கள். அப்படியே பொருந்துகிறது. வினையாகவும் ஓடுகிறது, பாருங்கள்: 'டிக்கெட் விற்காததால் ஆட்டத்தை உள்ளூரில் நிறுத்திவைத்தனர்', 'வெள்ளிக்கிழமை ஹவுஸ்ஃபுல் ஆனதும் நிறுத்திவைப்பு விலகியது'. வினையாக ஓடாத கலைச்சொல் அகராதியில் தூங்கும், யாரும் எடுத்து எழுதமாட்டார்கள்.

இரண்டாவது விதிக்கு வருகிறேன், இதில்தான் பதிவு குழம்பிக் கிடக்கிறது. 2015-க்குப் பிறகு நிறுத்திவைப்பு இல்லை. அப்படியானால் அமெரிக்காவில் யாரும் எந்த ஆட்டத்தையும் பார்க்கலாமா? முடியாது. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு ஏழெட்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். சி.பி.எஸ்., ஃபாக்ஸ் என்ற இரண்டு வலையமைப்புகள் அவற்றைப் பங்கிட்டு வைத்திருக்கின்றன, ஒவ்வொரு ஊர் நிலையத்துக்கும் ஒரு நேரத்தில் ஓர் ஆட்டம்தான். எந்த ஊருக்கு எது என்று வாரந்தோறும் வலையமைப்பு முடிவு செய்கிறது. உள்ளூர் அணி வெளியூரில் ஆடினால் அதைக் காட்டியே ஆகவேண்டும். மற்ற ஊர்களில் எந்த அணிக்கு ரசிகர்கள் அதிகம், எது நல்ல மோதல், உள்ளூர் நிலையம் எதைக் கேட்கிறது என்பதையெல்லாம் பார்த்து முடிவாகும்.

நான் இருக்கும் கொலம்பஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹையோவின் நடுவில் இருக்கிறது, தெற்கே சின்சினாட்டி பெங்கால்ஸ், வடக்கே கிளீவ்லாந்து பிரவுன்ஸ். இரண்டும் ஒரே பிரிவு, இரண்டின் ஆட்டங்களும் பொதுவாக சி.பி.எஸ்.ஸில்தான். இரண்டும் ஒரே மணிக்கு ஆடினால் உள்ளூர் நிலையம் ஒன்றைத்தான் எடுக்க முடியும். எங்கள் தெருவில் எதிரெதிர் வீட்டில் இரண்டு கொடியும் பறக்கும், செப்டம்பர் வந்தால் யாராவது ஒரு வீடு கோபத்தில்தான் இருக்கும். ரசிகர்கள் வாரந்தோறும் இணையத்தில் வண்ணம் தீட்டிய வரைபடம் தேடி, நம் ஊர் எந்த நிறத்தில் விழுந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். இதை நிறுத்திவைப்பு என்றோ இருட்டடிப்பு என்றோ எழுதினால் தப்பு. யாரும் எதையும் மறைக்கவில்லை, பல ஆட்டங்களில் ஒன்றை இந்த ஊருக்கென்று கொடுத்திருக்கிறார்கள். வட்டார ஒதுக்கீடு என்று வைப்போம். பதிவின் மூன்றாம் பத்தியில் 'இருட்டடிப்பு' என்று வரும் ஐந்து இடத்தில் நான்கு உண்மையில் இந்த ஒதுக்கீட்டைத்தான் சொல்கின்றன.

'மார்க்கெட்' என்பதற்குச் சந்தை போட்டிருக்கிறீர்கள், அதையும் மாற்றவேண்டும். என்.எஃப்.எல். விதியில் முதன்மை மார்க்கெட், இரண்டாம் நிலை மார்க்கெட் என்று வரும். முதன்மைச் சந்தை, இரண்டாம் நிலைச் சந்தை என்று எழுதினால் வணிகப் பக்கம் படிப்பவருக்குப் புதுப் பங்கு வெளியீடும் பங்குப் பரிவர்த்தனையும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொற்கள் அங்கே நிலைத்துவிட்டன. நம் சினிமா விநியோகத்தில் இதே விஷயத்துக்கு எப்போதோ பெயர் வந்துவிட்டது. என்.எஸ்.சி. என்றால் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு; டி.டி. என்றால் திருச்சி, தஞ்சை; எம்.ஆர். என்றால் மதுரை, இராமநாதபுரம். படத்தை 'ஏரியா' வாரியாக விற்பார்கள், ஒரு ஏரியாவின் உரிமை வாங்கியவர் பக்கத்து ஏரியாவில் திரையிட முடியாது. டி.வி. மார்க்கெட் என்பது அந்த ஏரியாதான். எழுத்துக்கு வட்டாரம் என்று வைத்தால் சரியாக வரும்: அணியின் ஊர் சொந்த வட்டாரம், 75 மைலுக்குள் வரும் பக்கத்து ஊர்கள் சுற்றுவட்டாரம். கிரீன் பே அணிக்குச் சொந்த வட்டாரம் இரண்டு, கிரீன் பே, மில்வாக்கி. 1994 வரை மில்வாக்கியிலும் சில ஆட்டங்கள் ஆடியதன் தொடர்ச்சி. வெளியூர் ரசிகர்கள் சந்தா கட்டிப் பார்க்கும் சண்டே டிக்கெட்டை வெளிவட்டாரத் தொகுப்பு என்று சொல்லலாம். 1994-இல் தொடங்கியது, 2023-இலிருந்து யூடியூபில் கிடைக்கிறது. ஒதுக்கீட்டால் பார்க்க முடியாதவர்களுக்கு விற்கும் சரக்கு அது. விலையை வேண்டுமென்றே ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்ற வழக்கில் 2024 ஜூனில் நடுவர் குழு 470 கோடி டாலர் இழப்பீடு என்றது, ஆகஸ்டில் நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். ஒதுக்கீட்டுக்குத் தனிச்சொல் இல்லாமல் இந்த வழக்கைத் தமிழில் விளக்கவே முடியாது.

கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கொலம்பஸிலிருந்து

---

மறுமொழி

வணக்கம் அக்கா. நிறுத்திவைப்பு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 'உள்ளூர்' என்று முன்னால் கட்டிவைத்தால் இங்கே இங்கிலாந்தில் சிக்கல். எங்கட உதைபந்தாட்டத்திலும் இதே பிளாக்அவுட் என்ற சொல்லைத்தான் புழங்குகிறார்கள், விதி வேறு. சனிக்கிழமை பிற்பகல் 2.45-இலிருந்து 5.15 வரை எந்த ஊரிலும் எந்த ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக்கூடாது. ஊர்க் கணக்கே இல்லை, கடிகாரக் கணக்குத்தான். மூன்று மணிக்குக் கீழ்மட்டக் கழகங்களின் மைதானங்களில் ஆட்டம் நடக்கும், சனம் வீட்டிலிருந்து பெரிய கழகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சின்னக் கழகங்களுக்கு வாசல் வருமானம் போய்விடும் என்பது காரணம். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியமான யுஇஎஃப்ஏவின் 48-ஆம் விதி இதற்கு இடம் கொடுக்கிறது. 2020-இல் கொரோனாவால் மைதானத்துக்குள் சனத்தை விடாத நேரம் இதையும் விலக்கிவிட்டார்கள், காக்க வாசல் வருமானமே இல்லைத்தானே.

வேடிக்கை என்னவென்றால் அந்த மூன்று மணி ஆட்டம் வெளிநாடுகளில் நேரலையாகப் போகும். சென்னையில் இருக்கிறவர் இரவு எட்டரைக்கு லிவர்பூல் ஆட்டத்தை வீட்டில் பார்க்கலாம், லிவர்பூலிலேயே இருக்கிறவர் பார்க்க ஏலாது. ஆகவே அடிச்சொல்லை வெறும் நிறுத்திவைப்பு என்று வைத்து, முன்னால் வேண்டியதைச் சேர்ப்பது நல்லது.

இன்னொன்று, ஒதுக்கீடு என்றால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இட ஒதுக்கீடு ஞாபகம் வராதோ?

---

மறுமொழி

தம்பி, அடிச்சொல்லைத் தனியாக வைப்பதே சரி. அமெரிக்காவிலும் கடிகாரக் கணக்கில் ஒரு விதி இருக்கிறது, நம் பதிவில் அது இன்னும் வரவில்லை. அணிகள் சேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்க வழிவிட்ட 1961-ஆம் ஆண்டுச் சட்டமே, செப்டம்பர் இரண்டாம் வெள்ளி முதல் டிசம்பர் இரண்டாம் சனி வரை வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேலும் சனி முழுதும், பள்ளி, கல்லூரி ஆட்டம் நடக்கும் இடத்துக்கு 75 மைலுக்குள் தொழில்முறை ஆட்டத்தை ஒளிபரப்பினால் அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று சொல்கிறது. அதனால்தான் என்.எஃப்.எல். சனிக்கிழமை ஆட்டங்களை டிசம்பர் நடுவில்தான் தொடங்குகிறது. 2024-இல் சாவ் பாவ்லோவில் ஈகிள்ஸ், பேக்கர்ஸ் ஆட்டத்தை வெள்ளிக்கிழமை வைக்க முடிந்ததும் அது செப்டம்பர் 6, முதல் வெள்ளி என்பதால். ஆக, உள்ளூர் நிறுத்திவைப்பு, நேர நிறுத்திவைப்பு என்று இரண்டு. இங்கிலாந்து விதி இரண்டாவதில் அடங்கும். உங்கள் 2020 தகவலைப் பதிவில் சேர்த்துவிடுங்கள், விதியின் காரணத்தை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

ஒதுக்கீடு பற்றி எனக்குக் கவலையில்லை. தேர்தல் வந்தால் தொகுதி ஒதுக்கீடு, சின்னம் ஒதுக்கீடு, வீட்டு வசதி வாரியத்தில் மனை ஒதுக்கீடு என்று எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது. கூட 'வட்டார' என்று இருப்பதால் குழப்பம் வராது. வட்டாரப் பங்கீடு என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருந்தார். பங்கீடு என்றால் இருப்பதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது. இங்கே இன்ன ஊருக்கு இன்ன ஆட்டம் என்று மேலிருந்து முடிவு செய்து கொடுக்கிறார்கள், அதனால் ஒதுக்கீடே இருக்கட்டும்.

கோவை ஐயாவுக்கு மறுப்பு இல்லையென்றால் இந்த வார இறுதியில் பதிவில் மாற்றிவிடுகிறேன். இருட்டடிப்பு என்று தேடி வருபவர்களுக்காக அந்தச் சொல்லிலிருந்து ஒரு வழிமாற்று மட்டும் வைத்துவிடலாம். சண்டே டிக்கெட் பகுதியை யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது, வழக்கின் சட்டச் சொற்களுக்குத் தனி இழை தொடங்கவேண்டியிருக்கும்.