ப்ரீ-ஆர்டரைக் கடையே ரத்து செய்த கதைகள்: உங்கள் அனுபவம் என்ன?

சிறுவண்டி (கோவை):

ஏழு மாதம் காத்திருந்த வண்டி. சேகரிப்பவர்கள் வாங்கும் மாதிரி கார், 1:18 அளவு, அதாவது நிஜக் காரின் பதினெட்டில் ஒரு பங்கு நீளம். நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்34, அந்த நீல நிறம். பொருள் வருமுன்பே பதிவு செய்யும் ப்ரீ-ஆர்டர் திறந்த அன்றே 18,500 ரூபாயை முழுதாகக் கட்டினேன். கடையின் பெயர் வேண்டாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெயில் வந்தது: "உங்கள் வேண்டுகோளின்படி ஆர்டர் ரத்து செய்யப்பட்டது." நான் எங்கே கேட்டேன்? கை கழுவிவிட்டு ஃபோன் போட்டால், "சார், சிஸ்டத்துல கஸ்டமர் ரிக்வெஸ்ட்னுதான் காட்டுது" என்கிறார் அந்தப் பெண். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, திரையில் இருப்பதைப் படிக்கிறார்.

வெள்ளிக்கிழமை அதே கடையின் தளத்தில் அதே வண்டி. அதே புகைப்படம், பெட்டியின் ஓரத்தில் படம் எடுத்தவரின் விரல் நிழல்கூட அப்படியே இருக்கிறது. மேலே "கையிருப்பில் உள்ளது". விலை 27,900.

"பணம்தான் திரும்பி வந்துடுச்சே, அப்புறம் என்ன?" வீட்டிலேயே இந்தக் கேள்விதான். மிக்ஸியாக இருந்தால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்ளலாம். இது ஒரு தடவை தயாரித்து நிறுத்திவிடும் பொருள். இன்று வாங்கப் போனால் 9,400 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொல்லும் இழப்பீடு இதுதான்: ஒருவர் பேச்சு மாறியதால் மற்றவருக்கு இயல்பாக வந்து சேர்ந்த நட்டம். ரீஃபண்ட் என்பது என் பணம் என்னிடம் வந்தது, அவ்வளவே. ஏழு மாதம் அவர்கள் கையில் வட்டியில்லாமல் இருந்த பணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்தது ஸ்கிரீன்ஷாட். மொபைலில் எடுத்தால் முகவரியும் தேதியும் சரியாக விழாது என்று கம்ப்யூட்டரில் முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆக்கினேன். பிறகு கடையின் குறைதீர் அலுவலருக்கு மெயில். 2020 இ-காமர்ஸ் விதிகள்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் ஒன்பதாம் நாள் வந்தது. 500 ரூபாய் கூப்பன்! மீதியை அப்புறம் எழுதுகிறேன். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

பழங்காசு (தஞ்சாவூர்):

எனக்கு நாணயம். பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்கு வெளியிட்டார்களே, 2010 என்று போட்ட 1000 ரூபாய் வெள்ளி நினைவு நாணயம், அதை ஒரு தனியார் ஆன்லைன் கடையில் ஆர்டர் செய்தேன். கோயில் வாசலிலேயே வளர்ந்தவனுக்கு அது இல்லாமல் இருப்பது ஒரு குறை. போன வருடம் வெள்ளி ஏறிய ஏற்றம் தெரியுமே, 2025-ல் கிலோ லட்சத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஆர்டர் போட்ட மூன்றாம் வாரம் "ஸ்டாக் இல்லை" என்று ரத்து.

இதில் வேடிக்கை, அதே கடையில் அதற்கு முன்பு நானாக ஒரு ஆர்டரை ரத்து செய்தபோது பத்து சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். அதே 2020 விதிகளில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது: கடை தானாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்றால்தான், நம்மிடம் ரத்துக் கட்டணம் வாங்கலாம். அந்த வரியை மட்டும் எடுத்துப் போட்டு, "எனக்குப் பத்து சதவீதம் எப்போது வரும்?" என்று கேட்டேன். நான்கு நாளில் பழைய கட்டணம் கணக்கில் வந்து விழுந்தது. நாணயம் வரவில்லை. இன்றுவரை இல்லை.

டப்பா வண்டி (மதுரை):

நான் தோற்ற கதையையும் கேளுங்கள். ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள், மெயின்லைன் என்ற சாதாரண வரிசை, 1:64, ஒரே ஆர்டரில் 24 வண்டி போட்டேன். உள்ளே சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் என்ற அபூர்வ வண்டி ஒன்று வந்தாலும் வரும் என்ற ஆசைதான். ரத்து. "மொத்தமாக வாங்குவோருக்கு விற்பதில்லை" என்றார்கள். கோபத்தில் வழக்குப் போடக் கிளம்பினேன். தெரிந்த வக்கீல் ஒருவர் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதில் வண்டிகளை வரிசையாக அடுக்கி, கீழே விலை போட்டு நானே விற்றுக்கொண்டிருக்கிறேன். மறுவிற்பனைக்காக வாங்குபவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோரே இல்லை, 2(7) பிரிவு. "இந்த ஸ்டேட்டஸை எதிர்த்தரப்பு காட்டினால் என்ன சொல்வீர்கள்?" என்றார். சொல்ல ஒன்றும் இல்லை, விட்டுவிட்டேன். சேகரிப்பவர்களில் பாதிப் பேர் இந்த வகைதான், நாமே ஒத்துக்கொள்வோம்.

நீலமை (சென்னை):

ரத்தான ஆர்டருக்குப் பணம் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ரிசர்வ் வங்கி விதிப்படி கிடைக்கும் என்று பலர் சொல்கிறார்கள். அந்த 2019 சுற்றறிக்கை வேறு சங்கதி. பணம் கணக்கில் கழிந்து பரிவர்த்தனை பாதியில் தோற்றுப்போனால்தான் அது. கடை ரத்து செய்ததற்கும் அதற்கும் முடிச்சுப் போட்டால் முதல் பதிலிலேயே நம்மை மடக்கிவிடுவார்கள்.

கோவை நண்பருக்கு இன்னொன்று. அந்தக் கடையின் நிபந்தனைகளைப் படித்திருப்பீர்கள். "பொருளை அனுப்பும்போதுதான் ஆர்டரை ஏற்றதாகப் பொருள், காரணம் சொல்லாமலும் ரத்து செய்வோம்" என்று கிட்டத்தட்ட எல்லாக் கடையும் எழுதி வைத்திருக்கிறது. அவர்களின் உண்மையான ஆயுதம் இதுதான். இப்படி ஒருதலைப்பட்சமாகக் கையைக் கழுவும் நிபந்தனையை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று 2019 சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தத் தலைப்பில் புகார் கொடுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதனால் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று எழுதுங்கள். நீங்கள் கேட்காத ரத்தை நீங்கள் கேட்டதாகப் பதிவு செய்ததே போதும்.

ஒடிசா வழக்கு நினைவிருக்கிறதா? 2014-ல் 190 ரூபாய் என்று போட்டிருந்த லேப்டாப்பை ஆர்டர் செய்த மாணவருக்கு ரத்து. விலை தவறாகப் பதிவாகிவிட்டது என்றார்கள். 2021-ல் மாநில ஆணையம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆறு வருடத்துக்கு மேல் ஆனது, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சிறுவண்டி (கோவை):

மீதிக் கதை. கூப்பன் வேண்டாம் என்று எழுதிவிட்டு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்தேன். ஹெல்ப்லைன் உத்தரவு போட முடியாது, கடையிடம் அனுப்பிப் பேசத்தான் முடியும். இரண்டு வாரம் அங்கிருந்து அசைவில்லை.

அப்புறம் ஒரு பக்க நோட்டீஸ் நானே எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். மூன்றே இணைப்புகள்: பணம் கட்டிய ரசீது, "உங்கள் வேண்டுகோளின்படி" மெயில், 27,900 பக்கம். கடைசி வரியில், நான் குடியிருக்கும் கோவை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்வேன் என்று எழுதினேன். 2019 சட்டம் வந்தபின் கடை இருக்கும் ஊருக்கு நாம் ஓட வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்லை. நுகர்வோர் புகாரை ஆன்லைனில் தாக்கல் செய்யும் இ-ஜாக்ரிதி தளத்தில் வரைவைப் பாதி நிரப்பியும் வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் மேலாளர் என்று ஒருவர் அழைத்தார். குரலே வேறு. "ஒரு பீஸ் கிடைச்சிருக்கு சார், பழைய விலைக்கே அனுப்புறோம்." அந்த வாக்கை மெயிலில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டினேன்.

வண்டி வந்துவிட்டது. பெட்டியின் வலது மூலை நசுங்கியிருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று இரண்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.