புதுப்பிப்பு: இசட் புள்ளி காணாவிட்டால் மென்பொருள் படிப்பது எங்கே?

முந்தைய பதிவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத்தையும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள அதன் பொறியியல் பீடத்துக் கணினிப் பொறியியலையும் ஒப்பிட்டிருந்தேன். "இசட் புள்ளி காணாது, என்ன செய்யலாம்?" என்றுதான் கனபேர் கேட்டிருக்கிறியள். அதாவது, உயர்தரப் பரீட்சையில் எடுத்த, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற புள்ளி போதாது.

கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டத்தை ஊரில் இருந்தே படிக்கலாம். 3 வருடம். முதல் வருடம் முடிய டிப்ளோமா, இரண்டாவது முடிய உயர் டிப்ளோமா. இடையில் நிறுத்தினாலும் கையில் ஒன்று மிஞ்சும். சறுக்குவது எங்கேயென்றால், கடந்தகால வினாத்தாளை மட்டும் செய்து சோதனை பாஸ் பண்ணுவது. பிறகு நேர்முகத்தில் வெள்ளைப்பலகையில் லிங்க்ட் லிஸ்ட் (ஒவ்வொரு தரவும் அடுத்ததைச் சுட்டுகிற சங்கிலி) ஒன்றைத் திருப்பிப் போடச் சொன்னால் கை ஓடாது. ஒவ்வொரு பாடத்துக்கும் சின்ன புரோகிராம் ஒன்றாவது எழுதி, கோட் போட்டு வைக்கிற இணையத்தளமான கிட்ஹப்பில் போடுங்கோ.

நேரடி வகுப்பும் ஆய்வுகூடமும் வேண்டுமென்றால் யாழ்ப்பாண உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் எச்என்டிஐடி (தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா) இருக்கிறது.

தனியார் இடமென்றால் காசு கட்ட முதல் பட்டம் தருவது யாரென்று கேளுங்கோ. அந்தப் பெயரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. பாடத்திட்டத்தில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஒப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வேர்க்கிங் நாலும் இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.