இறங்குதளம் மணல்மேடு ஆகிறது: ஆழ அளவீட்டுக்கு யார் பணம் தருவார்கள்?

வடசென்னைக் குப்பம். அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் இரண்டு கற்சுவர்களுக்கு (தூண்டில் வளைவுகள்) நடுவே மீன் இறங்குதளம். மார்ச் முதல் தெண்டி நீரோட்டம் தெற்கிலிருந்து தள்ளும் மணல், தெற்கு வளைவின் நுனியைச் சுற்றி, படகு நுழையும் வழியில் திட்டாகப் படிகிறது. கடல் வற்றும் நேரத்தில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. 30 அடி ஃபைபர் போட்டுகள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு, ஆள் இறங்கித் தள்ளித்தான் உள்ளே வருகின்றன. போன வாரம் ஒரு புரொப்பல்லர் உடைந்தது.

ஊர்ப் பணத்தில் பொக்லைன் வைத்து வாரினோம். மூன்றே வாரத்தில் மூடிக்கொண்டது. வாரிய மணலைத் தெற்குக் கரையிலேயே கொட்டியது தப்பு, வடக்கே அரிப்புள்ள பக்கம் கொண்டுபோயிருக்க வேண்டும். மனுநீதி நாளில் இரண்டு மனு கொடுத்தாயிற்று. ஓர் அலுவலகம் ஆழ அளவீடும் விரிவான திட்ட அறிக்கையும் கேட்கிறது, இன்னொன்று முதலில் கடலோர ஒழுங்குமுறை அனுமதி என்கிறது. அந்த அனுமதிக்கும் அதே அளவீடுதான் வேண்டும்!

மத்திய அரசின் மீன்வளத் திட்டமான மத்ஸ்ய சம்பதாவில் இதுபோன்ற பொதுப் பணிக்கு மத்திய, மாநிலப் பங்கு 60:40. மீன்வள உள்கட்டமைப்பு நிதி என்றால் வட்டிச் சலுகையுடன் கடன், அதை மாநில அரசோ, கூட்டுறவுச் சங்கம் போன்ற தகுதியுள்ள அமைப்போ வாங்க வேண்டும். இரண்டுக்கும் அறிக்கை முதலில் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் ஊர் இறங்குதளத்துக்கு ஆழ அளவீட்டுச் செலவை எந்த நிதியிலிருந்து, யாரிடம் எழுதிக் கேட்டு வாங்கினீர்கள்?