மாதிரி நாடாளுமன்றத்தை மனப்பாட வசனம் இல்லாமல் நடத்த முடியுமா?

சமூக அறிவியல் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மாதிரி நாடாளுமன்றம் நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன வருடத்து வசனத் தாள் கையில் இருக்கிறது. யார் எப்போது எழுந்து என்ன கேட்க வேண்டும், அமைச்சர் என்ன பதில் சொல்ல வேண்டும், எதிர்க்கட்சி எந்த இடத்தில் வெளிநடப்பு செய்ய வேண்டும் என்பது வரைக்கும் அதில் எழுதியிருக்கிறது. அப்படியே நடத்தினால் அது ஆண்டு விழா நாடகம்தான். தாளைக் கொடுக்காமல் விட்டால் டிவி விவாதம் மாதிரி ஆளாளுக்குக் கத்துகிறார்கள். பிள்ளைகள் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொள்ளும்படி நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

எதிர்வரிசை:
டீச்சர், நான் கேந்திரிய வித்யாலயாவில் படித்தபோது எதிர்க்கட்சி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966இல் டெல்லிப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் அது, நாடு முழுவதுமுள்ள கேந்திரிய வித்யாலயாக்களுக்கு 1988இல் வந்தது. எனக்கு அதில் நிஜமாகவே பயன்பட்டது கேள்வி நேரம்தான், அதிலும் குறிப்பாகத் துணைக் கேள்வி.

மக்களவையில் கேள்வியைப் பதினைந்து நாள் முன்னாடியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அதனால் அமைச்சர் பதிலோடுதான் வருவார், ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு உறுப்பினர் எழுந்து கேட்கும் துணைக் கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியாது. நீங்களும் முதல் கேள்வியை மட்டும் அமைச்சராக இருக்கும் பிள்ளையிடம் முன்கூட்டியே கொடுங்கள், துணைக் கேள்வியைக் கேட்கிறவரைத் தவிர யாருக்கும், உங்களுக்கும்கூட, காட்ட வேண்டாம். அமைச்சராக இருக்கும் பிள்ளை தன் துறையை முழுசாகப் படித்தே தீர வேண்டிவரும்.

இன்னொன்று, கேள்விகளைப் பிள்ளைகளே எழுதட்டும். முதலில் எல்லோரும் 'எங்கள் ஊருக்கு டவுன் பஸ் வரவில்லை' என்றுதான் எழுதுவார்கள். அது மாநில அரசின் வேலை, ரயில் நிற்கவில்லை என்றால் மக்களவையில் கேட்கலாம் என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். எது மத்திய அரசின் வேலை, எது மாநில அரசின் வேலை என்று பிரிக்கும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை அதற்குமேல் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது. உங்கள் தொகுதி எம்.பி. கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன, மாதிரிக்கு அவற்றைப் படிக்கச் சொல்லலாம்.

கத்துவதற்கு மருந்து அவை விதியிலேயே இருக்கிறது. எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசக் கூடாது, எல்லாவற்றையும் சபாநாயகரிடம்தான் சொல்ல வேண்டும். 'நீ' என்று நேராகக் கை நீட்ட முடியாது என்றால் பாதிச் சண்டை நின்றுவிடும். எனவே நன்றாகப் பேசும் பிள்ளையைப் பிரதமராகப் போடுவதைவிட, பொறுமையான பிள்ளையைச் சபாநாயகர் ஆக்குவதற்கு அதிகம் யோசியுங்கள்.

ஊராட்சிக்காரன்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் டெல்லியோடு நின்றுவிட வேண்டாம் டீச்சர். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் நிகழ்ச்சிக்கு முன்னால் வரும் ஒன்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். வரவு செலவு வாசிப்பதைக் கேட்கட்டும். பதினெட்டு வயதானதும் அங்கே உறுப்பினராகவே உட்காரப் போகிறார்கள், 21இல் வார்டு உறுப்பினருக்கு நிற்கலாம். மக்களவைக்கு 25 ஆக வேண்டும்.

சமூக அறிவியல் டீச்சர்:
ரொம்ப நன்றி இருவருக்கும். துணைக் கேள்வி யோசனையைக் கண்டிப்பாகச் செய்கிறேன். தலைமையாசிரியர் மட்டும் விருந்தினர் முன்னால் பிள்ளைகள் திணறினால் என்ன செய்வது என்கிறார். மசோதாவுக்கு எதை எடுப்பது? பிளாஸ்டிக் தடை, போதைப்பொருள் என்று வழக்கமானவைதான் மனதில் வருகின்றன.

எதிர்வரிசை:
திணறினால் 'தகவலைத் திரட்டி அவையில் வைக்கிறேன்' என்று சொல்லலாம் டீச்சர், நிஜ அமைச்சர்களும் அதைத்தானே சொல்கிறார்கள்.

மசோதாவுக்கு ஊராட்சி அண்ணன் சொன்ன வயதையே எடுங்கள். 61ஆவது திருத்தத்தால் 1989இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது. மக்களவைக்குப் போட்டியிடும் வயதையும் 25இலிருந்து 21 ஆக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவரட்டும், பிள்ளைகளுக்கு அதில் சொந்தக் கருத்து நிச்சயம் இருக்கும். இது அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் குரல் வாக்கெடுப்பு செல்லாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். உங்கள் அவையில் 55 பேர் என்று வைத்துக்கொண்டால், 55 பேரும் வாக்களித்தால் 37 வேண்டும், 36 கிடைத்தாலும் மசோதா தோற்றுவிடும். கொறடாக்களாக இருக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கை முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஆள் சேர்க்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.