ஊசிக்கு மூடி போடலாமா, கூடாதா?

நைட்டு டூட்டி: நேற்று இங்கே ஒரு மேதாவி, "போட்ட ஊசிக்கு உடனே மூடியை மாட்டிவிட்டால் நர்சுகளுக்கு ஊசிக்குத்தே வராது" என்று எழுதியிருக்கிறார். 22 வருடமாக வார்டில் நிற்கிறேன். அந்த மூடியை மாட்டும்போதுதான் ஐயா குத்துகிறது!

லேப்காரன்: அந்த மேதாவி நான்தான். ஊசியைத் திறந்தபடி ட்ரேயில் போட்டுவிட்டுப் போவது யார்? நர்சுகள்தானே?

நைட்டு டூட்டி: அதற்கு மூடி எதற்கு? ஊசியை அடியோடு வெட்டுகிற ஹப் கட்டரில் வெட்டி, ஊசி துளைக்காத வெள்ளை டப்பாவில் போட வேண்டியதுதானே. 2016 மருத்துவக் கழிவு விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

லேப்காரன்: விதியில் டப்பா இருக்கிறது, வார்டில்? எங்களிடம் வராந்தாக் கோடியில் இருக்கிறது. அதுவரை திறந்த ஊசியோடு ஊர்வலம் போகவா? மூடியை ட்ரேயில் வைத்து, ஒரே கையால் கோரி எடுத்தால் குத்தாது.

நைட்டு டூட்டி: ஆகா, ஒரு கை! நேற்று அது எங்கே போயிருந்தது? மாஸ்க் விவாதத்திலும் இப்படித்தான் மாற்றிப் பேசினீர்கள். மறக்கவில்லை.

கிராமத்து டாக்டர்: அது கிடக்கட்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா? எதிர்ப்பு சக்தி இல்லாதவரை, அந்த நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் 100-க்கு 30 வரைகூடத் தொற்றலாம். எச்ஐவி 1000-க்கு 3தான்.

நைட்டு டூட்டி: டாக்டர், இங்கே பேச்சு மூடியைப் பற்றி. ரத்தம் எடுத்த ஊசியை மெத்தையிலேயே விட்டுவிட்டுப் போகிற ஆட்கள் நீங்கள். பொறுக்குவது நாங்கள்.

கிராமத்து டாக்டர்: எல்லா டாக்டரையும் ஒரே தராசில் போடாதீர்கள் சிஸ்டர். என் ஊசியை நானேதான் வெட்டுகிறேன்.

நைட்டு டூட்டி: சரி, சிலை வைத்துவிடலாம்.

வார்டு கூட்டுகிறவன்: போன வருடம் குப்பைப் பையைக் கட்டும்போது என் விரலில் ஏறியது. மூடி போட்ட ஊசிதான், மூடி பாதி கழன்றிருந்தது. சோப்பு போட்டுக் கழுவினேன், அன்றைக்கே எச்ஐவி வராமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். 28 நாளும் குமட்டல். வராத நாளுக்குச் சம்பளத்தையும் பிடித்தார்கள்.

நைட்டு டூட்டி: பார்த்தீர்களா? மூடி!

லேப்காரன்: சரியாக மாட்டாத மூடி. மாட்டியது எந்த சிஸ்டரோ.

வார்டு கூட்டுகிறவன்: சம்பளத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

நைட்டு டூட்டி: லேப்காரரே, அந்த ஒரு கை விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பழைய பதிவை எடுத்துப் போடவா?