மறு: லேக்கருக்கு 'அரக்கு' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

கண்காட்சிப் பொருள்களுக்கான விளக்க அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பொருள்கள்: 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சீனாவின் குவாங்சௌ நகரப் பட்டறைகளில் ஐரோப்பியருக்காகச் செய்த தையல் மேசைகள், மடக்குத் திரைகள். கறுப்புப் பூச்சு, மேலே பொன் சித்திரம். அந்தப் பூச்சுக்கான லேக்கர் (lacquer) என்ற சொல் 30 அட்டையிலும் வருகிறது; அதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும்.

> அகராதியில் 'அரக்கு' இருக்கிறதே, அப்புறம் என்ன தேடல்?

ஐயா, அரக்கு பூச்சி தருவது. சீனத்து லேக்கர் மரத்தைக் கீறி எடுக்கும் பால். அரக்கு சூட்டில் இளகும்; இது ஒருமுறை இறுகினால் இளகாது. இறுகுவதற்கே ஈரக்காற்று வேண்டும். மேலும் அரக்கு என்றாலே நமக்குச் சிவப்பு: குறிஞ்சிப்பாட்டின் 'அரக்கு விரித்தன்ன' முதல் ஜவுளிக்கடையின் அரக்குக் கலர் புடவை வரை. கறுப்பு மேசைக்கு எப்படிப் பொருந்தும்?

என் முன்மொழிவு: சேராப்பால். அந்த மரமும் நம் சேராங்கொட்டையும் ஒரே முந்திரிக் குடும்பம். இரண்டின் பாலும் தோலில் பட்டால் கொப்புளம், காற்றுப் பட்டால் கறுப்பு. சலவைத் துணியில் போட்ட அழியாத குறி சேராங்கொட்டைதானே.

---

> என் முன்மொழிவு: சேராப்பால்

தம்பி, வயிற்றுக்குச் சேராத பால் என்றுதான் படிப்பார்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகவே அது காதில் விழும். ப் மிகுந்திருப்பதும் அதற்கே துணை. வடமொழி லாக்ஷாவிலிருந்து கிளைத்து, போர்ச்சுகீசியர் வழியாக மேற்கே போனதுதான் லேக்கர். மேற்கத்தியரே பூச்சி அரக்கின் பெயரை மரப்பாலுக்கு வைத்துப் புழங்குகிறார்கள், நாம் ஏன் தயங்கவேண்டும்? 'சீன அரக்கு' என்று போடுங்கள், யாருக்கும் புரியும்.

இன்னொன்று. அந்த மடக்குத் திரைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கோரமண்டல் திரை' என்பதைச் 'சோழமண்டலத் திரை' என்றே எழுதுங்கள். செய்தது சீனாவில்தான், நம் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் வந்த பெயர் அது. நம் பெயரை உருமாறிய வடிவில் திரும்ப வாங்கவேண்டாம்.

---

சோழமண்டலத் திரைக்கு முழுச் சம்மதம், மாற்றிவிட்டேன்.

'சீன அரக்கு' எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஜப்பானியரும் அதே மரத்துப் பாலைத்தான் பூசுகிறார்கள். அங்கே 'ஜப்பான் அரக்கு' என்போமா? சரி, ஏழு பேர் அதற்கே கைதூக்கியதால் அச்சுக்கு அது போகிறது. முதல் அட்டையில் மட்டும் 'இது பூச்சி அரக்கு அன்று, மரப்பால்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்; அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. 'சேர்பால்' என்று வினைத்தொகையாக்கினால் எதிர்மறை போய்விடுகிறது, ஒட்டிச் சேரும் பால் என்ற பொருளும் நிற்கிறது. அடுத்த பதிப்புக்காவது யோசிக்கலாமா?